ரோமில் பதவி என்றால் என்ன? குடியரசுக் காலத்து ஆட்சியாளர்கள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

பழைய ரோம் நகரில் பத்துப் பேருடைய வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும். அவர்கள் பொதுவாக ஊருக்கு வெளியே போய் ராத்தங்கவும் கூடாது. அதிகாரத்தில் இருப்பவர் ஒருவர் தன்மேல் கை வைக்கிறார் என்று பதறி ஓடிவரும் குடிமகன், எந்த நேரத்திலும் அந்தக் கதவுக்குள் நுழைந்து உதவி கேட்கலாம். அந்தப் பத்துப் பேருக்கு டிரிபியூன்கள் என்று பெயர். அவர்களுக்குப் படை கிடையாது. ‘தடுக்கிறேன்’ என்று எழுந்து நின்று சொன்னால் போதும், நாட்டின் உச்சப் பதவியில் இருந்தவர் போட்ட உத்தரவும் அங்கேயே நின்றுவிடும். இலத்தீனில் அந்தச் சொல் ‘வீட்டோ’. ஐ.நா. பாதுகாப்பு அவைச் செய்திகளில் இன்றும் நாம் கேட்கும் அதே வீட்டோதான்.

ரோம் என்றதும் பேரரசர்களும் படையெடுப்புகளும்தான் பெரும்பாலும் பேசப்படுகின்றன. எனக்கு அந்தத் திறந்த கதவுதான் பெரிதாகத் தெரிகிறது. பேரரசர்கள் வருவதற்கு முன் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அந்த நகரம் ராஜா இல்லாமல், தேர்ந்தெடுத்த ஆட்களை வைத்தே நடந்தது. ஒருவரிடம் அதிகாரத்தைக் கொடுக்கும்போதே அவரைத் தடுக்க இன்னொருவரையும் பக்கத்தில் நிறுத்திவிடுவது அவர்களுடைய பழக்கம். அந்தப் பழக்கம் எப்படி வேலை செய்தது, பிறகு எப்படிக் கெட்டது என்பதைப் பார்க்கலாம்.

மாஜிஸ்திரேட் என்று சொன்னால் நமக்கு நீதிமன்றம்தான் ஞாபகம் வரும். அதன் வேரான மகிஸ்திராத்துஸ் என்ற இலத்தீன் சொல் அதைவிட அகலமானது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்து, குறித்த காலத்துக்குப் பொதுவேலை ஒன்றை ஒப்படைத்த எவரையும் அது குறிக்கும். படையை நடத்தியவர், வழக்கை ஏற்றவர், கஜானாக் கணக்கைப் பார்த்தவர், சந்தையில் எடைக்கல்லைச் சோதித்தவர் எல்லோரும் அதற்குள் அடக்கம். கறாராகப் பார்த்தால் டிரிபியூன் இதில் வரமாட்டார். அவரைப் பிளீபியன்கள் என்ற பொதுமக்கள் பிரிவு மட்டும் தனியே தேர்ந்தெடுத்தது. ஆனால் அவரை விட்டுவிட்டு மற்றவர்களைப் புரிந்துகொள்ள முடியாது.

ராஜா போனபின்

கி.மு. 509இல் தார்க்குவின் என்ற கடைசி ராஜாவைத் துரத்திவிட்டதாக ரோமர்களின் மரபு சொல்கிறது. ராஜா போய்விட்டார். ஆனால் படையைக் கூட்டவும் தண்டனை கொடுக்கவும் யாராவது வேண்டுமே! அந்த அதிகாரத்தை அப்படியே எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள்தான் கான்சல்கள். பாதிப் பாதியாகப் பங்கு போடவில்லை. இருவருக்குமே முழு அதிகாரம். ஒருவர் செய்வதை மற்றவர் நிறுத்தலாம். பதவிக்காலம் ஒரே ஒரு வருடம். அந்த வருடத்துக்கே அவர்கள் பெயர்தான். ‘இன்னாரும் இன்னாரும் கான்சல்களாக இருந்தபோது’ என்றுதான் ரோமர்கள் தேதி சொல்வார்கள்.

கான்சல் தெருவில் நடந்தால் அவருக்கு முன்னால் பன்னிரண்டு சேவகர்கள் வரிசையாகப் போவார்கள். நீதிபதிக்கு முன்னால் டவாலி போவார் அல்லவா, அந்த மாதிரி. ஒவ்வொருவர் தோளிலும் ஒரு பிரம்புக் கட்டு. அதை ஃபாசஸ் என்பார்கள். கட்டின் நடுவில் ஒரு கோடரி செருகியிருக்கும். பிரம்பு அடிக்க, கோடரி தலையை வெட்ட. இதில் என்னை மிகவும் கவர்வது ஒரு சின்ன விதி. ரோம் நகர எல்லைக்குள் நுழையும்போது கோடரியை உருவி எடுத்துவிட வேண்டும். நகருக்குள் இருக்கும் குடிமகனுக்கு மரண தண்டனை விதித்தால் அவன் மக்கள் அவையிடம் முறையிடலாம். அதனால் அங்கே கான்சலின் வார்த்தை கடைசி வார்த்தை ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அந்த வெறும் பிரம்புக் கட்டைப் பார்த்தே தன் உரிமையைத் தெரிந்துகொண்டிருப்பார்.

இரட்டைத் தலைமைக்கு விலையும் கொடுத்தார்கள். கி.மு. 216இல் கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹானிபாலை எதிர்த்து இரண்டு கான்சல்களும் ஒரே களத்துக்குப் போனார்கள். ஒரு நாள் இவர், மறுநாள் அவர் என்று மாறி மாறித் தலைமை ஏற்றார்கள். வார்ரோவின் முறை வந்த நாளில் கான்னே சமவெளியில் ரோமப் படை அழிந்தது. அப்படியும் அவர்கள் இந்த முறையைக் கைவிடவில்லை. தோல்வியைவிட ராஜா திரும்பி வருவதற்குத்தான் அதிகம் பயந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய ஆபத்து வந்தால் மட்டும் ஒருவரையே டிக்டேட்டராக நியமிப்பதுண்டு. அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம்தான். கி.மு. 458இல் உழுதுகொண்டிருந்த சின்சினாட்டஸை வயலில் இருந்து கூட்டி வந்து அந்தப் பதவியைக் கொடுத்தார்கள் என்றும், எதிரியை விரட்டிவிட்டுப் பதினாறாம் நாளே அவர் விலகிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட கதை அது.

டிரிபியூன் பதவி பிறந்தது வேறு கோபத்தில். கான்சல் பதவியைப் பாட்ரீசியன்கள் என்ற பழைய குடும்பங்களே கையில் வைத்திருந்தன. கடன் தொல்லையால் நொந்துபோன பிளீபியன்கள் கி.மு. 494இல் ஊரையே விட்டு வெளியேறி ஒரு குன்றில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். போர் வந்தால் சண்டை போட ஆள் வேண்டுமே! சமரசத்தில் அவர்களுக்குக் கிடைத்ததுதான் டிரிபியூன் பதவி. டிரிபியூன் உடம்பில் கை வைப்பவனைக் கொல்லலாம் என்று பிளீபியன்கள் சத்தியம் செய்துகொண்டார்கள். சட்டத்தைவிட அந்தச் சத்தியம்தான் அவருக்குக் கவசம். கி.மு. 367இல் வந்த சட்டத்துக்குப் பிறகு பிளீபியன்களும் கான்சல் ஆக முடிந்தது.

தெருவில் தெரிந்த அதிகாரம்

சரி, கான்சல்கள் பாதி நாள் போர்க்களத்தில் இருப்பார்கள். ஊரில் இருக்கும் ரொட்டிக்காரருக்கும் கூலிக்காரருக்கும் அரசாங்கம் என்றால் யார்?

பெரும்பாலும் ஈடைல்தான். சந்தை, தெரு, தண்ணீர், கோயில் கட்டடங்கள், திருவிழா விளையாட்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. அளவில் ஏமாற்றும் கடைக்காரருக்கு அபராதம் போடுவார். அடிமை விற்கும் சந்தையில், ஆளுக்கு நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று ஈடைல்கள் விதி போட்டிருந்தார்கள். மனிதரை விற்ற கொடுமையின் நடுவே, வாங்குபவர் ஏமாறக் கூடாது என்ற கவலை மட்டும் அவர்களுக்கு இருந்தது. வீட்டுக்கு முன்னால் உள்ள தெருவை அந்த வீட்டுக்காரரே பழுதுபார்க்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் ஈடைல் அந்த வேலையைக் குத்தகைக்கு விட்டு, செலவை அவர் தலையில் கட்டுவார். பிற்காலத்தில் வெஸ்பாசியன் ஈடைலாக இருந்தபோது தெருவெல்லாம் சேறாகக் கிடந்ததைப் பார்த்துப் பேரரசர் கலிகுலாவுக்குக் கோபம் வந்தது. அந்தச் சேற்றையே அள்ளி வெஸ்பாசியன் உடுத்தியிருந்த டோகா என்ற நீண்ட மேலாடையின் மடிப்பில் கொட்டும்படி சிப்பாய்களுக்கு உத்தரவிட்டார். அந்த வெஸ்பாசியன் பின்னாளில் தானே பேரரசர் ஆனார்.

இந்தப் பதவியை மனதார நேசித்துச் செய்தவர் என்றால், பின்னாளில் முதல் பேரரசரான அகஸ்டஸின் நண்பர் அக்ரிப்பாவைச் சொல்வேன். கான்சலாகவே இருந்து முடித்தவர், கி.மு. 33இல் கீழே இறங்கி வந்து ஈடைல் பதவியை ஏற்றார். பழைய குடிநீர்க் கால்வாய்களைச் சரிசெய்து புதிதாக ஒன்றையும் கட்டினார். நகரின் பெரிய சாக்கடையான குளோவாக்கா மாக்சிமாவைச் சுத்தம் செய்யவைத்து, அதற்குள்ளேயே படகில் ஏறி டைபர் ஆறு வரை போய்ப் பார்த்தார்.

வழக்கு என்று வந்தால் பிரீட்டரிடம் போக வேண்டும். அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார் என்பதுதான் புதிதாகப் படிப்பவர்களைக் குழப்பும். வாதியும் பிரதிவாதியும் அவர் முன்னால் நிற்பார்கள். விஷயத்தைக் கேட்டு, இது வழக்காக எடுக்கத் தகுந்ததுதானா என்று அவர் முடிவு செய்வார். எடுக்கலாம் என்றால், சிக்கலை ஒரே வாக்கியத்தில் சுருக்கித் தருவார். ‘இவர் அவருக்குப் பத்தாயிரம் செஸ்டர்ஸ் காசு கொடுக்க வேண்டியது உண்மை என்று தெரிந்தால் கொடுக்கச் சொல், தெரியாவிட்டால் விட்டுவிடு’ என்கிற மாதிரி. அந்த வாக்கியத்தோடு வழக்கு ஒரு தனிக் குடிமகனிடம் போகும். சாட்சிகளை விசாரித்து முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தான். சட்டத்தைச் சொல்பவர் ஒருவர், உண்மையைக் கண்டுபிடிப்பவர் இன்னொருவர். இங்கேயும் அதிகாரத்தை ஒரே கையில் விடவில்லை.

பிரீட்டர் பதவி ஏற்றவுடன், தன் வருடத்தில் என்னென்ன வழக்குகளை எப்படி எடுப்பார் என்பதை வெள்ளையடித்த பலகையில் எழுதி, ஊர் நடுவில் எல்லோரும் கூடும் திறந்தவெளியான மன்றத்தில் வைத்துவிடுவார். அந்தப் பலகைக்குப் பெயர் ஆல்பம். கல்யாண ஆல்பத்துக்கு அந்தப் பெயர் வந்த வழி இதுதான். சில பிரீட்டர்கள் எழுதியது ஒன்று, செய்தது ஒன்று என்று இருந்ததால், கி.மு. 67இல் கொர்னீலியஸ் என்ற டிரிபியூன், பலகையில் எழுதியபடிதான் நடக்க வேண்டும் என்று சட்டமே கொண்டு வந்தார். ஒவ்வொரு பிரீட்டரும் முந்தையவர் எழுதியதை எடுத்து, கொஞ்சம் சேர்த்தும் நீக்கியும் அடுத்தவருக்கு விட்டுப் போனார். ரோமச் சட்டத்தின் பெரும் பகுதி இப்படி வருடாவருடம் ஒரு பலகையில் வளர்ந்தது.

குவைஸ்டர் கணக்குப் பார்ப்பவர். கஜானா சனி தேவனின் கோயிலில் இருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு சென்சார்கள் மக்கள்தொகையும் சொத்தும் கணக்கெடுப்பார்கள், பொதுப்பணிகளைக் குத்தகைக்கு விடுவார்கள். கி.மு. 312இல் சென்சாராக இருந்த அப்பியஸ் கிளாடியஸ் போட்ட சாலைதான் அப்பியன் சாலை; இன்றைக்கும் அதன் கற்கள்மேல் நடக்கலாம். ஒழுக்கக் கேடு என்று சொல்லி யாரையும் செனட் என்ற ஆலோசனை அவையில் இருந்து நீக்கவும் சென்சாருக்கு உரிமை உண்டு. கி.மு. 184இல் சென்சாரான கேட்டோ, பட்டப்பகலில் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனைவிக்கு முத்தம் கொடுத்ததற்காக ஒரு செனட்டரை நீக்கினாராம்.

சம்பளம் இல்லாத வேலை

இவர்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பதவிக்கு இலத்தீனில் இன்னொரு பெயரே ‘மரியாதை’ என்று பொருள்படும் ஹொனோர்தான். வயிற்றுப்பாட்டுக்கு உழைப்பவர் ஒரு வருடம் சும்மா வேலை செய்ய முடியுமா? முடியாது. ஆகவே பதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் வசதியானவர்கள். வாக்களிப்பும் சமமாக இல்லை. கான்சலைத் தேர்ந்தெடுத்த அவையில் மக்கள் சொத்து மதிப்பின்படி 193 குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். பணக்காரர்களுக்கு ஆள் குறைவு, குழுக்கள் அதிகம். பெரும்பான்மை கிடைத்ததும் வாக்களிப்பை நிறுத்திவிடுவதால் ஏழைகளின் முறை பல சமயம் வரவே வராது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கே இல்லை. ரோமைப் புகழும்போது இதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது.

பதவிகளுக்கு ஒரு படிவரிசை இருந்தது. தளபதியாக இருந்து டிக்டேட்டர் ஆன சுல்லா கி.மு. 81 வாக்கில் அதை இறுக்கினார். குவைஸ்டர் ஆக 30 வயது, பிரீட்டர் ஆக 39, கான்சல் ஆக 42. போட்டியிடுபவர் சுண்ணாம்புப் பொடியால் வெளுத்த டோகா அணிந்து மன்றத்தில் சுற்றி வருவார். ‘வெள்ளையுடுத்தவர்’ என்று பொருள்படும் காண்டிடாட்டுஸ் என்ற சொல்தான் நாம் சொல்லும் கேண்டிடேட். எதிரே வருபவர் பெயரைக் காதில் சொல்லித்தர ஓர் அடிமை கூடவே நடப்பார். பெயர் சொல்லிக் கையைப் பிடித்துப் பேசினால்தான் வாக்கு.

அரசியல் குடும்பத்துப் பின்னணி இல்லாமல் இந்தப் படிகளை ஒவ்வொன்றாக, உரிய வயதிலேயே ஏறியவர் பேச்சாளரும் வழக்கறிஞருமான சிசெரோ. அவரே தன்னைப் பற்றிச் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். கி.மு. 75இல் அவர் சிசிலியில் குவைஸ்டர். ரோமில் தானியத் தட்டுப்பாடு இருந்தபோது ஏராளமாக அனுப்பிவைத்தார். ஊர் முழுக்கத் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்ற நினைப்போடு திரும்பும் வழியில் புட்டியோலித் துறைமுகத்தில் இறங்கினார். ஒருவர் வந்து, ‘ரோமில் இருந்து எப்போது கிளம்பினீர்கள், அங்கே என்ன செய்தி?’ என்று கேட்டார். சிசிலியில் இருந்து வருகிறேன் என்று விளக்கும்போது பக்கத்தில் நின்ற எல்லாம் தெரிந்த ஒருவர், ‘இவர் சிரக்கூஸில் குவைஸ்டராக இருந்தவர், தெரியாதா?’ என்றாராம். அதுவும் தவறு, சிசெரோ இருந்தது தீவின் மறுகோடியில். அன்றோடு அவர் ஒரு முடிவு எடுத்தார். ரோமர்களின் காது மந்தம், கண் கூர்மை. அதனால் தினமும் அவர்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அதன்பிறகு மன்றத்தை விட்டு அகலவே இல்லை. கி.மு. 63இல் கான்சல் ஆனார்.

கண்ணில் படுவதற்குச் சிலர் பணத்தைக் கொட்டினார்கள். கி.மு. 65இல் ஈடைலாக இருந்த ஜூலியஸ் சீசர் 320 ஜோடி கிளாடியேட்டர்களைச் சண்டைக்கு இறக்கினார். கடன் கழுத்து வரை வந்தது. கூட இருந்த ஈடைல் பிபுலஸும் சேர்ந்துதான் பல விழாக்களுக்குச் செலவு செய்தார். பேர் முழுக்கச் சீசருக்கு. காஸ்டர், பொலக்ஸ் என்ற இரட்டைத் தெய்வங்களுக்குக் கட்டிய கோயிலைக் காஸ்டர் கோயில் என்று மட்டுமே எல்லோரும் சொல்வதுபோல ஆகிவிட்டது என் கதை என்று பிபுலஸ் நொந்துகொண்டார்.

இது ரோம் நகரத்தோடு நிற்கவில்லை. சின்ன ஊர்களிலும் வருடம் இரண்டு தலைவர்கள், இரண்டு ஈடைல்கள் என்று இதே அமைப்புதான். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி ஊரின் சுவர்களில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான தேர்தல் எழுத்துகள் கிடைத்திருக்கின்றன. ‘பழக்கடைக்காரர்கள் எல்லோரும் இவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்’ என்று ஒன்று. ‘ஜூலியஸ் பொலிபியஸை ஈடைல் ஆக்குங்கள், நல்ல ரொட்டி கொண்டு வருவார்’ என்று இன்னொன்று. வாக்கே இல்லாத பெண்கள் தங்கள் பெயரைப் போட்டு ஆதரவு கேட்ட சுவர்களும் உண்டு. அந்த ஊரின் மன்றத்தில் வெவ்வேறு அளவில் குழி குடைந்த ஒரு கல்மேசை இருந்தது. தானியத்தை அதில் கொட்டிப் பார்த்தால் கடைக்காரர் அளந்தது சரியா என்று தெரிந்துவிடும். அதைச் சரியான அளவுக்குத் திருத்தி வைத்த இரண்டு தலைவர்களின் பெயர் அதிலேயே வெட்டப்பட்டிருக்கிறது.

பதவி முடிந்த மறுநாள்

பதவியில் இருக்கும் வரை பெரிய அதிகாரிகள்மேல் வழக்குப் போட முடியாது. இறங்கியதும் போடலாம். வெர்ரெஸ் என்பவர் மூன்று வருடம் சிசிலியை ஆண்டு, கோயில் சிலைகள் உட்பட அகப்பட்டதையெல்லாம் சுருட்டினார். கி.மு. 70இல் சிசிலி மக்களுக்காகச் சிசெரோ வழக்கு நடத்தினார். எதிர்த்தரப்பு நாளைக் கடத்தப் பார்த்தது. வருடம் திரும்பினால் புதிய அதிகாரிகள் வருவார்கள், அவர்கள் வெர்ரெஸுக்கு வேண்டியவர்கள். சிசெரோ நீண்ட தொடக்க உரையையே விட்டுவிட்டு நேராகச் சாட்சிகளை வரிசையாக நிறுத்தினார். வெர்ரெஸ் தீர்ப்புக்கு முன்பே ஊரை விட்டு ஓடிப்போனார். இலக்கியமாகப் படிக்கப்படும் அந்த உரைகளின் பெரும் பகுதி, பேசப்படாமல் எழுதி மட்டும் வெளியிடப்பட்டது.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் எழுத்தில் இருந்ததைவிட வழக்கத்தில்தான் அதிகம் இருந்தது. பிறர் தடுத்தால் நின்றுவிடும் மனம் எல்லோருக்கும் வேண்டும். கி.மு. 133இல் நிலத்தை ஏழைகளுக்குப் பங்கிட டிபேரியஸ் கிராக்கஸ் என்ற டிரிபியூன் சட்டம் கொண்டுவந்தார். சக டிரிபியூன் வீட்டோ போட்டார். கிராக்கஸ் அவரை வாக்கெடுத்துப் பதவியிலிருந்தே இறக்கினார். சில மாதங்களில் செனட்டர்கள் தலைமையில் வந்த ஒரு கூட்டம் கிராக்கஸை அடித்துக் கொன்றது. தொட்டாலே பாவம் என்று சத்தியம் செய்யப்பட்ட உடம்பு அது. என் பார்வையில், ரோமின் பதவிமுறை உடைந்த நாள் அதுதான். பிறகு நடந்தவையெல்லாம் அதன் நீட்சி. சுல்லா படையோடு ரோமுக்குள் நுழைந்தார், பின்னர் காலவரையின்றி டிக்டேட்டர் ஆனார். கி.மு. 59இல் சீசரும் அதே பிபுலஸும் கான்சல்கள். தடுக்க வந்த பிபுலஸின் தலையில் சாணக் கூடையைக் கொட்டினார்கள், அவருடைய பிரம்புக் கட்டுகளை உடைத்தார்கள். மிச்ச வருடத்தை அவர் வீட்டுக்குள்ளேயே கழித்தார். சீசருக்கோ, பதவி இல்லாத மனிதனாக ஊருக்குள் வந்தால் வழக்குக் காத்திருந்தது. கி.மு. 49இல் அவர் படையோடு இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைத் தாண்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் முதல் பேரரசராக அகஸ்டஸ் வந்தார். எந்தப் பதவியையும் ஒழிக்கவில்லை. கான்சல்கள், பிரீட்டர்கள், தேர்தல் எல்லாம் இருந்தன. கி.மு. 23இல் டிரிபியூனின் அதிகாரத்தை மட்டும், டிரிபியூன் ஆகாமலே, ஆயுள் முழுக்கத் தனக்கு எடுத்துக்கொண்டார். தடுக்கும் உரிமை இப்போது, தடுக்கப்பட வேண்டியவரிடமே போய்விட்டது.

அவர் காலத்து வெள்ளிக்காசு வகை ஒன்று தமிழ்நாட்டில், குறிப்பாகக் கோவை வட்டாரப் புதையல்களில், நிறையக் கிடைத்திருக்கிறது. வணிகத்தோடு கடல் தாண்டி வந்த காசு. ஒரு பக்கம் அகஸ்டஸின் தலை. மறுபக்கம் கேடயமும் ஈட்டியும் வைத்து இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள்; அவர் தத்தெடுத்த பேரன்கள் காயஸும் லூசியஸும். ஓரத்து எழுத்துகளில் ‘காஸ் டெசிக்’ என்ற சுருக்கம் வரும். கான்சல் பதவி குறிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். சிசெரோ நாற்பத்திரண்டு வயது வரை காத்திருந்து வாங்கிய பதவி, காயஸுக்குப் பதினான்கு பதினைந்து வயதிலேயே குறித்துவைக்கப்பட்டது. லூசியஸ் அந்த நாற்காலியில் உட்காராமலே கி.பி. 2இல் இறந்துபோனார்.